வீட்டுக்கு வந்தால் வீங்கும் பெட்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதுவது. இங்கு உன் அக்கா சௌக்கியம், அவள் தையல் மெஷின் சௌக்கியம், நானும் கம்ப்யூட்டரும்தான் படுத்துவிட்டோம். அங்கே நீங்கள் எல்லோரும் நலம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய கம்ப்யூட்டர் புகை விட்டுச் செத்துப்போனது. செத்தது போகட்டும், செத்த நேரத்தைப் பார்! என் பழைய மேலதிகாரியோடு இணையத்தில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தேன். சர்வீஸ் முழுக்க என்னைத் திட்டித் தீர்த்த மனுஷன், இப்போது இன்னும் ரெண்டே நகர்த்தலில் அவருடைய ராஜா காலி. ஞாயிறு ராத்திரிக்குள் நான் காய் நகர்த்தாவிட்டால் ஆட்டம் அவருக்குப் போய்விடும். போனில் ஆடலாமே என்பாய். அதில் எனக்குக் குதிரையும் யானையும் ஒரே மாதிரி தெரிகிறது.

சின்னதாகப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று கட்டப் பாகமெல்லாம் வாங்கியாச்சு, அவற்றை உள்ளே வைத்துப் பூட்டும் பெட்டிதான் பாக்கி. உன் அக்கா நிபந்தனை போட்டாள்: "ஹால் அலமாரிக் கீழ்த்தட்டுக்குள்ள அடங்கணும். ஞாயிறு காலைக்குள்ள அடங்கலைன்னா அந்த இடம் என் மெஷினுக்கு." நான் யார்? நில அளவையாளன்! நான் ஊன்றிய எல்லைக் கல்லை எந்தக் கோர்ட்டாவது அசைத்திருக்கிறதா? அவளுடைய தையல் டேப்பை எடுத்தேன். "இருங்க, அந்த டேப்பு..." என்று ஆரம்பித்தாள். "எனக்கே அளக்கச் சொல்லித் தர்றியா?" என்று ஒரு அதட்டல் போட்டேன், அடங்கிவிட்டாள். தட்டின் அகலம் பதினான்கு அங்குலம்.

பன்னிரண்டு என்று அச்சடித்த பெட்டியை வாங்கி வந்தால், உள்ளே போகமாட்டேன் என்று நிற்கிறது. அளந்தால் பதினாறு! விடுவேனா, கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் இரும்பு ஸ்கேலை வைத்தார், பன்னிரண்டு. வீட்டுக்கு வந்தேன், பதினாறு. மறுபடி போய், "உங்க பெட்டி வீட்டுக்கு வந்தா வீங்குதுய்யா" என்றேன். அவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் பதினொன்று போட்டதை மாற்றித் தந்தார், அது இங்கே பதினைந்து. மூன்றாவது ஒன்பது, அது பதின்மூன்றாக வீங்கினாலும் ஒருவழியாக உள்ளே போயிற்று. அப்பாடா என்று உட்கார்ந்தால், கம்ப்யூட்டர் சூட்டைத் தணிக்கும் விசிறி அந்தப் பெட்டிக்குள் அடங்கவில்லை. மூடியைச் சாத்தினால் விசிறி சுற்றாது, விசிறி சுற்றினால் மூடியைச் சாத்த முடியாது. எனக்குத் தலை சுற்றுகிறது.

ஆகவே மாப்பிள்ளை, பெட்டி செய்கிறவர்கள் எல்லோரும் கூட்டுச் சேர்ந்து ஆளுக்கு நாலு அங்குலம் பொய் சொல்கிறார்கள். காரசாரமாக ஒரு புகார் எழுதிக்கொண்டு சனிக்கிழமை நேரில் வா. உன் அக்கா முன்னால், "அத்தான் அளந்தா அளந்ததுதான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. எனக்கு மானம்தான் முக்கியம்.

குழந்தைகள் என்னைவிட நீண்ட ஆயுளும் என் பெட்டியைவிட நல்ல புத்தியும் பெற ஆசீர்வதிக்கும்,
உன் அத்தான்.

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். அந்த டேப்போட ஆரம்ப நுனி நைஞ்சுபோச்சுன்னு நாலு அங்குலத்தை எப்பவோ வெட்டிட்டேன். தைக்கும்போது கழிச்சுக்குவேன். சொல்லத்தான் வந்தேன், அதட்டினார், அடங்கிட்டேன். நீ சின்ன விசிறி ஒண்ணு வாங்கிட்டு வா, அந்தக் கடைசிப் பெட்டியே போதும். ஆனா சனிக்கிழமை வராதே, ஞாயிறு மத்தியானம் வா. காலியாகற என் தையல் மேஜை மேல கம்ப்யூட்டரை வெச்சு, ராத்திரிக்குள்ள அந்த ராஜாவைக் கவுத்துக்கட்டும், பாவம். காலையிலேயே மெஷின் கீழ்த்தட்டுக்குள்ள போயிடும். நாலைக் கழிச்சு அளந்து பார்த்துட்டேன், கச்சிதமா இருக்கு.