ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழு காப்பி

வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கே எனக்கு என்று புதன்கிழமை முடிவெடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. அதே ஞாயிறன்று அவள் தம்பி வீடு மாறுகிறான். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரும்பு பீரோ உண்டு.

எனக்கோ, சொற்களின் பிறப்பை ஆராயும் எண்ணூறு பக்கப் புத்தகம் ஒன்று நாற்பத்தோராம் பக்கத்தில் இரண்டு மாதமாகக் காத்துக் கிடக்கிறது.

திட்டம் தயாரானது. எங்கள் அலுவலகத்தில் யாருக்கு என்றைக்கு டியூட்டி என்று சொல்லும் எக்செல் பட்டியல் என் கைவண்ணம். பட்டனை அமுக்கினால் மேக்ரோ என்கிற குட்டி நிரல் ஓடும். மேலாளர் கையெழுத்துக்குக் கோடு போட்டுத் தானே அச்சடிக்கும். அதில் ஞாயிறு, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை என்று என் பெயரை மட்டும் போட்டேன். மேக்ரோவில் அலுவலகப் பிரிண்டரை அழித்து, என் அறைப் பிரிண்டரின் பெயரை எழுதினேன். பெயருக்குப் பின்னால் வால்போல ஓர் எண் வேண்டும், எந்த இணைப்பில் இருக்கிறது என்று சொல்ல. எண் ஒன்று. எனக்கு மனப்பாடம். கூடவே, 'பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் மேலே போ' என்றொரு கட்டளை. பதினாறு வருட இல்லறத்தில் நான் கற்றது அது ஒன்றுதான். கணினிக்கும் கற்றுக்கொடுத்தேன்.

பட்டனை அமுக்கினேன். பிரிண்டர் அசையவில்லை. தாளைத் தட்டி அடுக்கிவிட்டு அமுக்கினேன். வயரை ஆட்டிவிட்டு அமுக்கினேன். மூடியைத் திறந்து, பல் மருத்துவர்போல உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அமுக்கினேன். மொத்தம் ஏழு முறை.

மனைவி உள்ளே வந்தாள். வாசல் அறையில் டியூஷன் எடுப்பவள். கேள்வித்தாள் அச்சடிக்க அங்கே சொந்தமாக ஒரு பிரிண்டர் வைத்திருக்கிறாள். அதுவும் என் கணினியோடு இணைந்ததுதான். கையில் ஒரு கத்தைத் தாள்.

"என்னங்க, இது உங்க ஆபீஸ் லிஸ்ட்டா? என் பிரிண்டர்ல வந்துக்கிட்டே இருக்கு."

புரிந்துவிட்டது. என் பிரிண்டரைக் காணோம் என்றதும் கணினி கண்டுகொள்ளாமல் மேலே போயிருக்கிறது. நேராக அவளிடம்.

"ஆ... ஆமா. ஆபீஸ்ல இருந்தே அனுப்புறாங்க. புது வசதி."

"ஏழு காப்பியா?"

"அவசரம்னா அப்படித்தான்."

"லிஸ்ட்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க?"

"பொறுப்பான ஆளைத்தானே போடுவாங்க."

"அதுவும் சரிதான். மேனேஜர் கையெழுத்தைக் காணோமே?"

"திங்கக்கிழமை போடுவாரு."

என் தோளுக்கு மேலே திரையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"அடப் பாவமே! 'மாமாவுக்கு முதுகு சரியில்ல, பீரோ தூக்க ஆள் வச்சுக்கோ'ன்னு தம்பிகிட்ட போன வாரமே சொல்லிட்டேன். நான் மட்டும் போயிட்டு வரலாம், நீங்க வீட்ல நிம்மதியா படிப்பீங்கன்னு நினைச்சேன்."

"அப்படியா? வேணும்னா நான் லீவு கேட்டுப் பாக்கட்டுமா?"

"ஐயய்யோ, வேணாங்க. ஏழு காப்பி அனுப்பியிருக்காங்க!"

ஞாயிறு காலை எட்டரைக்குக் கையில் பையைக் கொடுத்து, தெருமுனை வரை கூடவே வந்து வழியனுப்பினாள்.

அலுவலகக் கதவில் என் முஷ்டி அளவு பூட்டு. காவலாளிக்குக்கூட அன்று விடுமுறை. படியில் உட்கார்ந்து, போகிற வருகிற பேருந்துகளை எண்ணினேன். ஒரு மணிக்குப் பையைத் திறந்தேன். சாப்பாடு. முதுகுக்கு ஒரு குட்டித் தலையணை. அடியில் என் எண்ணூறு பக்கப் புத்தகம். கண் கலங்கிவிட்டது.

நாற்பத்தோராம் பக்கத்தில் அடையாளமாக, மடித்த தாள் ஒன்று. அதன் பின்பக்கத்தில் அவள் கையெழுத்தில் நாலு வரி:

'தூசி தட்டும்போது உங்க பிரிண்டர் வயரைக் கழட்டி வேற ஓட்டையில சொருகினது நான்தான். பிரிண்டர் பேரோட வால்ல இருக்கிற ஒண்ணை மூணுன்னு மாத்திப் பாருங்க. ஆறு மணிக்கு முன்னாடி வந்துடாதீங்க, வீடு பூட்டியிருக்கும்.'

தாளைத் திருப்பினேன். ஞாயிறு டியூட்டிப் பட்டியல், ஏழாவது காப்பி. மேலாளர் கையெழுத்துக்கான கோட்டின்மேல் என் மனைவி ஒப்பமிட்டிருந்தாள்.