வரி இல்லாத ஊருக்கு வரவழைத்த அக்காவுக்கு

அன்பும் மரியாதையும் (இன்றைக்கு மரியாதை மட்டும்) உள்ள ஓப்பல் அக்காவுக்கு, தம்பி வர்ஜில் எழுதுவது. நீ சுகமாக இருப்பது எதிர்வீட்டு ஜன்னல் வழியாகவே தெரிகிறது. இனி உன்னோடு பேச்சுவார்த்தை கிடையாது என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டதால், தெருவைத் தாண்டுவதற்குத் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன்.

போன வருஷம் லெஸ்டர் அத்தான் காலமான பிறகு தினமும் போன் செய்தாய். "டென்னசியில சம்பளத்துக்கு மாநில வரியே கிடையாதுடா, கென்டக்கில உக்காந்து எதுக்குடா வரி அழுவுறே?" என்றாய். என் பொண்டாட்டி நடீன் யோசிக்கச் சொன்னாள். நான் கேட்டேனா? ஜூலையில் வீட்டை விற்று, இங்கே பள்ளிக்கூடத்து ஏ.சி. பார்க்கிற வேலையில் சேர்ந்தேன். ஜூன் வரைக்குமான சம்பளத்துக்கு மட்டும் கென்டக்கிக்குக் கணக்குக் காட்டினேன். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வளவுதான், மூடி வை என்றாய். இப்போது கென்டக்கி வரி ஆபீசிலிருந்து, நீ எங்கள் ஆள்தான், முழு வருஷத்துக்கும் கட்டு என்று ஓலை வந்திருக்கிறது. ஏனென்றால் என் டிரைவிங் லைசென்ஸ் அங்கே, ஓட்டு அங்கே, பல் டாக்டர் அங்கே, சனிக்கிழமை மீன்பிடிப்பதும் அங்கே, அதுவும் உள்ளூர்க்காரன் விலையில் வாங்கிய அனுமதிச் சீட்டோடு. இதையெல்லாம் மாத்துடான்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ? சொல்லாதது மட்டுமில்லாம, தம்பி வரிக்குப் பயந்து என்கிட்ட வந்து ஒண்டிக்கிட்டான்னு சர்ச் வாசல்ல சிரிக்கிறே.

நேற்று லீவு போட்டுட்டு நடீனோட அந்த ஆபீசுக்குப் போனேன். டக்கெட்னு ஒரு பொண்ணு, மரியாதையாத்தான் பேசிச்சு. வீடு மாறினா மட்டும் போதாதாம், திரும்பி வர்ற எண்ணமே இல்லாமப் போயிருக்கணுமாம். அப்படி எண்ணம் ஏதாவது இருக்கான்னு கேட்டுச்சு. இருந்த ஆத்திரத்துல, குப்பைத்தொட்டிய எப்ப வெளியே வைக்கணும்னு எங்க அக்கா சட்டம் போடுறா, என் பொண்டாட்டி சுடுற சோள ரொட்டியில சக்கரை ஜாஸ்திங்கிறா, விட்டா நாளைக்கே திரும்பி வந்துடுவேன்னு கொட்டித் தீர்த்துட்டேன். அந்தப் பொண்ணு ஒண்ணு விடாம எழுதிக்கிச்சு. நடீன் என் காலை மிதிச்சா. அப்பத்தான் புரிஞ்சுது, நானே என் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்னு.

"அப்புறம் ஏன் சார் இன்னும் அங்கேயே இருக்கீங்க?"

நடீன்தான் சொன்னா: "இவரோட அக்கா தனியா இருக்காங்கம்மா. அவங்க வீட்டு விளக்கு அணையாம இவரு படுக்க மாட்டாரு. அவங்க இருக்கிற வரைக்கும் நாங்க எங்கேயும் போறதா இல்லை."

அந்தப் பொண்ணு முதல்ல எழுதினதை அடிச்சுட்டு இதை எழுதிக்கிச்சு. யாரோ ஒருத்தி முன்னாடி என்னை இப்படி மூக்கை உறிஞ்ச வச்சுட்டியே, இதை நான் மன்னிக்கவே மாட்டேன். வரிக்காகத்தான் வந்தேன். ஊர்ல அப்படியே சொல்லிக்கோ.

கர்த்தர் உனக்கு நீண்ட ஆயுளையும், எனக்கு அதைத் தாங்கும் தெம்பையும் கொடுப்பாராக.

கோபத்துடன்,
வர்ஜில் ஸ்டாம்பர்

பின்குறிப்பு: டக்கெட் இப்போதுதான் போன் செய்தாள். நாங்கள் இங்கேயே குடியிருக்கிறோம் என்று இந்த ஊர்க்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இங்கே உன்னைத் தவிர எங்களுக்கு யாரைத் தெரியும்? வெள்ளிக்கிழமை சாப்பிட வந்துவிடு, நடீன் கோழி பொரிக்கிறாள். மேலே உள்ளதை விட்டுவிட்டுப் பின்குறிப்பை மட்டும் படிக்கவும்.