வாய் நிறையச் சம்மதம்

வேன் பங்களா வாசலில் நின்றபோது தேவராஜின் வாய் நிறைய வெற்றிலைச் சாறு. துப்பத்தான் இடமில்லை. எச்சில் துப்பக் கூடாது என்று கேட்டிலேயே பலகை தொங்கியது. பலகைக்குக் கீழே மாப்பிள்ளையின் அப்பா கருப்பையா கைகூப்பி நின்றார்.

"வாங்க சம்மந்தி, வாங்க."

"ம்ம்" என்றார் தேவராஜ். அந்தச் 'சம்மந்தி'க்கே அவர் மறுப்புச் சொல்லியிருக்க வேண்டும்.

லத்தா கடைத்தெருவில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு அவர் மேஸ்திரி. கத்தினால் அடுத்த தெருவில் லாரி நிற்கும். அந்த வாயாலேயே மகள் பவானிக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் முறிந்தன. இது மூன்றாவது. பையன் கார்த்திகேசன் மாவ்பியில் கல்லூரி வாத்தியார். அப்பாவோ அதே ஊரில் பழைய ரப்பர் தோட்டத்து பங்களாவில் காவல்காரர். பவானிக்குப் பையனைப் பிடித்திருந்தது. தேவராஜுக்கு ரப்பர் காட்டைப் பிடிக்கவில்லை. நேரில் போய் 'முடியாது' என்று சொல்லிவிட்டு வருவதற்குத்தான் இன்று வேன் ஏறினார்.

ஏறினால், முன்சீட்டில் ஒரு கூன்யா கிடந்தது. புகையிலை வைத்து, சுண்ணாம்பு தடவி, கச்சிதமாக மடித்த வெற்றிலை. எவனோ சவாரிக்காரன் மறந்து விட்டுப்போனது போல. இனி தொடமாட்டேன் என்று போன மாதம்தான் காளி கோயிலில் மனைவி அம்சவேணியின் தலையிலடித்துச் சத்தியம் செய்திருந்தார். பின்சீட்டில் பவானியோடு அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று வாயில் அடக்கிக்கொண்டார். வழியில் துப்பிவிடலாம் என்று பார்த்தால் கண்ணாடி இறங்கவில்லை.

"அது மக்கர் பண்ணுதுண்ணே" என்று வேன்காரன் சாதிக் பாட்சா சொல்லிவிட்டான். வண்டியையும் எங்கும் நிறுத்தவில்லை.

விழுங்கினால் தலை சுற்றி விழவேண்டியதுதான். தேவராஜ் விறுவிறுவென்று ரப்பர் மரங்களுக்குள் நடந்தார்.

"தோட்டம் பாக்கணுமா? அதுக்கென்ன, வாங்க" என்று கருப்பையா கூடவே வந்துவிட்டார்.

மரத்துக்கு மரம் சிரட்டை கட்டியிருந்தது. கருப்பையா திரும்பிய நேரம் பார்த்து தேவராஜ் ஒன்றின் மேல் குனிந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று பால். எவனோ இருட்டோடு எழுந்து வந்து கீறி வைத்தது. அடுத்தவன் உழைப்பில் துப்ப மனம் வரவில்லை. நிமிர்ந்துவிட்டார்.

"பாலைக்கூட நின்னு பாக்குறாரே. இந்தக் காட்டுலயே பொண்ணைக் குடுக்க மனசு வந்துருச்சு போல" என்றார் கருப்பையா.

தேவராஜுக்கு ஒரு சங்கடம். குனிந்தால் சாறு உதட்டுக்கு வந்தது, நிமிர்ந்தால் தொண்டைக்குப் போனது. தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

"ஆமாங்குறாரும்மா" என்றார் கருப்பையா, பின்னால் வந்த அம்சவேணியிடம்.

பங்களாவுக்குள் நுழைந்ததும் தேவராஜ் சாற்றையே ஒரு கணம் மறந்துபோனார். ஒவ்வொரு தூணும் ஒரு முழுத் தேக்கு மரம். ஆணி தெரியாத மாடிப்படி. கால் வைத்தால் ஒரு முனகல் இல்லை. இத்தனையையும் தோளில்தானே சுமந்து வந்திருப்பான் எவனோ. அவரையறியாமல் கை தன் தோளைத் தடவியது.

"எங்க தாத்தா இங்க பால் வெட்டுனவரு" என்றார் கருப்பையா. "அவரு காலத்துல இந்தப் படியில கால் வச்சா பிரம்படி. இப்ப சாவி என் இடுப்புல கிடக்கு."

தேவராஜுக்குக் கண் கலங்கியது. புகையிலைக் காரமா, வேறெதுவுமா என்று அவருக்கே தெரியவில்லை.

"கல்யாணத்தை இந்த முத்தத்துலயே வச்சுக்கலாமா?"

தலை ஆடியது.

மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பளபளவென்று துலக்கிய பித்தளைப் படிக்கம். துரை காலத்து ஆட்கள் வெற்றிலை எச்சில் துப்பியது. தேவராஜ் அதன் முன்னால் சாமி கும்பிடுகிறவர் மாதிரி நின்றார்.

"பூட்டியிருக்கு சம்மந்தி. பாக்கத்தான் விடுவோம், தொட விடமாட்டோம்."

அடுத்து எல்லாருமாகப் பையனின் கல்லூரிக்குக் கிளம்பினார்கள். அங்கேயாவது ஒரு சாக்கடை இருக்கும் என்று தேவராஜ் நம்பிப் போனார். அதுவோ கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. தூங்குமூஞ்சி மரங்கள், அல்லிக் குளம், வாசலுக்கு எதிரே வரிசையாக டீக்கடைகள். குளத்தை நெருங்கினால் கரை முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். கூட வந்த கார்த்திகேசனைக் கண்டதும் "ஸயா, ஸயா" என்று வாத்தியாரை விளித்து எழுந்து, குனிந்து வழிவிட்டார்கள். வாத்தியாருக்கு வந்த மரியாதையில் கொஞ்சம் மேஸ்திரிக்கும் கிடைத்தது. ஆயுசில் அவர் முதுகைத்தான் குனிய வைத்திருந்தார்கள்.

"பவானி இங்க சேந்து மேல படிக்கட்டும் மாமா. வீட்டு வேலையை நானும் பாத்துக்குவேன்" என்றான் பையன்.

தலை ஆடியது. இந்த முறை ஆட்டியது தேவராஜா, சாறா என்று சொல்ல முடியாது.

கடைசியில் எல்லாரும் டீ குடிக்க உட்கார்ந்த கடையின் பின்புறம் சாக்கடை அகப்பட்டது. துப்பினார். வாய் கொப்பளித்தார். காலையில் எடுத்து வந்த 'முடியாது' இன்னும் நாக்கில்தான் இருந்தது. நிமிர்ந்த நெஞ்சோடு மேசைக்கு வந்தார்.

"தை மாசம்னு பேசிட்டோம்" என்றாள் அம்சவேணி.

"முடி..." என்று ஆரம்பித்தார். அவள் ரவைக் கேக்கில் ஒரு துண்டை அவர் வாயில் திணித்துவிட்டாள். மென்றார். எதிரே பவானி மூச்சுப் பிடித்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மென்று முடித்துத் தேடியபோது அந்தச் சொல்லைக் காணவில்லை.

"முத்தத்துல பந்தல் போட்டா நம்ம மூட்டைக்காரப் பயலுக எல்லாரையும் கூப்புடணும்" என்றார். "அத்தனை பேரும் அந்த மாடிப்படி ஏறணும். சொல்லிட்டேன்."

"சாவி நம்மகிட்டதானே" என்றார் கருப்பையா.

பவானி மூச்சை விட்டாள்.

திரும்பும்போது தேவராஜ் முன்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து சாதிக் பாட்சா பின்னால் அம்சவேணியிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, முகூர்த்தத்தன்னிக்கும் இதே மாதிரி முன்சீட்டுல ஒரு கூன்யா வச்சு, கண்ணாடியை லாக் பண்ணிரட்டுமா?"