அண்ணன் தலையை வைத்து வேண்டியவன்

கடவுளிடம் பேரம் பேசலாமா என்று யாராவது கேட்டால், பேசலாம், ஆனால் அடுத்தவர் தலையை வைத்துப் பேசக்கூடாது என்பேன். பேசி மாட்டிக்கொண்டவன் நான்.

எங்களுக்கு ஜெகதாப்பட்டினம். அண்ணன் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். நான் பி.காம். (படகில் ஏறினாலே வாந்தி எடுப்பேன். வீட்டில் அதைக் கௌரவமாக 'தம்பி படிக்கிறான்' என்று சொல்லிக்கொண்டார்கள்.) ஒருநாள் எல்லை தாண்டியதாகச் சொல்லி, அண்ணன் போன படகை அக்கரைக் கடற்படைக்காரர்கள் நடுக்கடலில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் அக்கரைச் சிறையில். சேதி வந்த அன்று அண்ணி அடுப்பே பற்றவைக்கவில்லை.

நான் கரையோர முனி கோயிலுக்கு ஓடினேன். "அய்யா, அண்ணன் வந்துட்டா எந்தலைய மொட்டையடிச்சு முடியக் குடுத்துர்றேன்" என்று அழுதுகொண்டே கும்பிட்டேன். அந்த அழுகை உண்மையானது.

நான்காம் நாள், புதுக்கோட்டையில் ஒரு பைக் ஷோரூமில் இன்டர்வியூ என்று போன் வந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். அப்போதெல்லாம் நெற்றியில் வந்து விழும் எனக்கு முடி. அதைத் தவிர வேறு தகுதி எதுவும் என்னிடம் இல்லை என்பது எனக்கே தெரியும். மறுபடி கோயிலுக்குப் போனேன். "அய்யா, எனக்கு முடி கொஞ்சந்தான். அண்ணனுக்குத்தான் அடர்த்தி. வந்ததும் அவரு முடியவே எடுத்துக்கங்க" என்று வேண்டுதலைத் திருத்தினேன். முனி மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

அந்த வாரமே அண்ணனின் காவலை நீட்டித்துவிட்டார்கள். பிறகு இன்னொரு முறை. எனக்கு வேலையும் கிடைக்கவில்லை. அண்ணி மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து பாதியாகிவிட்டார். எல்லாம் என்னால்தான் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும், 'என் முடியையே எடுத்துக்கொள்' என்று போய்ச் சொல்ல மனம் வரவில்லை. அவ்வளவு அற்பனாக இருந்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் வந்தார். வேனிலிருந்து இறங்கியவரை அடையாளமே தெரியவில்லை. ஒட்டிய கன்னம். வழுவழுவென்று மொட்டை.

"என்னண்ணே இது?"

"உள்ள பேன் தாங்கலடா. கூட இருந்தவர்ட்ட சொல்லி மழிச்சுக்கிட்டேன்."

"அய்யோ, அது முனிக்கு வேண்டிக்கிட்ட முடியாச்சே!" என்று அலறிவிட்டேன்.

வரவேற்க வந்த தெருவே திரும்பிப் பார்த்தது. நடந்ததை உளறிக் கொட்டினேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏந்தம்பி, ஒங்க தலையில என்ன புல்லா மொளச்சிருக்கு?"

அந்த மூன்று மாதத்தில் அண்ணி சிரித்தது அப்போதுதான். அண்ணன் சிரிக்கவில்லை. "எந்தலைய நீ எப்படிடா குடுப்ப?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் கோயில் வாசலில் உட்கார்ந்து என் தலையைக் கொடுத்தேன். பிறகு வளர்ந்தது பழைய முடியில் பாதிதான். சில வருடங்களில் அதுவும் உதிர்ந்துபோயிற்று.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எதற்குக் கைகூப்பினாலும், "ஒங்க தலையச் சொல்லி வேண்டுங்க" என்று அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வரும். எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான்.

பிடிபட்ட படகு திரும்பவே இல்லை. அண்ணன் இப்போது வேறொருவர் படகில் வாரத்துக்கு மூன்று நாள் போகிறார். அவர் போகும் நாளெல்லாம் நான் முனி முன்னால் போய் நிற்கிறேன். மனதார என் தலையைத்தான் சொல்கிறேன். கொடுக்கத்தான் அதில் ஒன்றும் இல்லை.