சார்ட்டாக நின்ற கதை

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நாலு பேர் சேர்ந்து பார்த்தால் தலை குனிகிறவன், மனித உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று எழுத வந்திருக்கிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நிணநீர் விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் பயப்பட மாட்டேன். நான் படத்தைப் பார்த்துக் கற்றவன் இல்லை, படமாகவே நின்றவன்.

எனக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. போன பங்குனியில் குளிக்கும்போது வலது தொடை இடுக்கில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. அழுத்தினால் உயிர் போனது. இடமோ வெளியே சொல்லக்கூடிய இடமில்லை. (கழுத்தில் வந்து தொலைத்திருந்தால் கௌரவமாகக் காட்டியிருக்கலாம்.) அடிபட்ட ஞாபகமும் இல்லை. காரணமே இல்லாமல் கட்டி வந்தால் அது அந்த வியாதிதான் என்று நானே முடிவு செய்து, நானே நாளும் குறித்துவிட்டேன்.

மனைவி செல்வியிடம் சாகப் போகிறவன் குரலில் பேச ஆரம்பித்தேன்.

"நான் இல்லாட்டியும் அந்தத் தென்னங்கன்னுக்குத் தண்ணி ஊத்திடு செல்வி."

"ஏன், எங்க போறீங்க? பாண்டிக்கா?"

"இல்ல. ரொம்ப தூரமா."

"அப்போ வர்றப்ப மிக்ஸி ஜார் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

அந்த வாரம் உப்பளத்துக் கொட்டகையில் மருத்துவ முகாம் நடந்தது. நர்ஸம்மா பெரிய உடம்புப் படம் ஒன்றைக் கொண்டுவந்து மூங்கிலில் மாட்டினார். மாட்டிய கையோடு கடல்காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய் உப்புப் பாத்தியில் போட்டது. அவர் அசரவில்லை. கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தார்.

"யாராவது ஒருத்தர் முன்னாடி வந்து நில்லுங்க. நீங்கதான் இன்னிக்கு சார்ட்டு."

நான் கடைசியில் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். என் மைத்துனன் ஏழுமலை முதுகில் கை வைத்துத் தள்ளினான். "எங்க மாமா நிப்பாரு சிஸ்டர். வாயே தொறக்க மாட்டாரு. சார்ட்டுக்கு ஏத்த ஆளு."

நின்றேன். கழுத்தில் பொட்டு வந்தது. பனியனுக்கு மேல் அக்குளில் வந்தது.

"ரத்தக் கொழாயிலேர்ந்து கசியற தண்ணிதான் நிணநீர். அது உடம்பெல்லாம் சுத்திட்டு மறுபடி ரத்தத்துலயே போய்ச் சேரும். போற வழியில இந்த முடிச்சுங்கதான் செக்போஸ்ட்டு. கிருமி வந்தா இங்க மடக்கிடும்."

நெஞ்செலும்பில் ஒரு பொட்டு. அதன் பின்னால் தைமஸ் சுரப்பியாம். காவல் அணுக்கள் சின்ன வயதில் பயிற்சி எடுக்கும் இடமாம். வயதானால் சுருங்கிவிடுமாம்.

"மாமாவுக்கு எல்லாமே சுருங்கிடுச்சு சிஸ்டர்!" என்றான் ஏழுமலை. கொட்டகையே சிரித்தது.

இடது விலாவுக்கு ஒரு பொட்டு: மண்ணீரல். அது ரத்தத்தையே வடிகட்டுமாம். அடுத்து எந்த ஊர் வரும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"அடுத்தது தொடை இடுக்கு" என்றவர், மரியாதை தெரிந்தவர், பொட்டை ஏழுமலையிடம் கொடுத்தார். "லுங்கி மேலயே ஒட்டிடுங்க."

அவன் தாலுக்கா ஆபீஸ் முத்திரை குத்துவதுபோல் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினான்.

"ஐயோ, செத்தேன்!"

பாத்தியில் நின்ற கொக்குகள் பறந்துவிட்டன. பிறந்ததிலிருந்து நான் சேர்த்துவைத்திருந்த குரல் மொத்தமும் அதில் செலவாகிவிட்டது.

"கட்டி இருக்குதாண்ணா?" என்றார் நர்ஸம்மா. தலையாட்டினேன். "காலைத் தூக்குங்க."

"கால்ல இல்லீங்க, கட்டி மேல..."

"தெரியும். பாதத்தைக் காட்டுங்க."

எங்களுக்குப் பாதம் உடம்பில் சேர்த்தியில்லை. உப்புத் தண்ணீரில் நின்று தடித்த தோலில் எது குத்தினாலும் தெரியாது. தெரிந்தாலும், "உப்புத் தண்ணியிலேயே ஆறிடும்" என்று விட்டுவிடுவோம். கட்டிக்குக் காரணம் தேடி நான் கண்ணாடியில் தலை முதல் கணுக்கால் வரை பார்த்தவன். அதற்குக் கீழே பார்க்கவில்லை. அங்கே கட்டைவிரலுக்கு அடியில் ஒரு வேலிக்காத்தான் முள் முறிந்து, சீழ் கோத்து உட்கார்ந்திருந்தது.

"கால்ல ஏறின கிருமிய இடுக்குல நிறுத்திச் சண்டை போடுது உங்க உடம்பு. நெறி கட்டியிருக்குது, அவ்ளோதான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, டாக்டர் பாப்பாரு."

நெறி கட்டுவது எனக்குத் தெரியாததா? காலில் புண் வந்தால் இடுக்கில் கட்டும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். புண் கண்ணில் பட்டால்தானே!

பெண்கள் பக்கமிருந்து செல்வி எழுந்தாள். "இதுக்குத்தான் ரொம்ப தூரம் போறேன்னீங்களா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து உப்பளத்தில் என் பெயர் சார்ட்டு. கையில் காயம் பட்டவன் வந்து, "சார்ட்டு, கையைக் கொஞ்சம் தூக்கு" என்று என் அக்குளைப் பார்த்து இடம் தெரிந்துகொண்டு போகிறான். நானும் கூசாமல் தூக்குகிறேன். வீட்டில் நான் கொஞ்சம் சோகமாக உட்கார்ந்தால் போதும், "முதல்ல பாதத்தைக் காட்டுங்க" என்கிறாள் செல்வி.

முகாமுக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். சாயங்காலம் தென்னங்கன்றுக்கு நானே தண்ணீர் ஊற்றினேன்.