தகடு கட்டிய ஆன்டெனா

1996-ல் மயிலாப்பூரில் கபாலி கோயிலுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் கூடிய இடம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புதான். வெள்ளிக்கிழமைதோறும் அலைச்சித்தர் என்ற சாமியார் அங்கே எழுந்தருளினார். ஆசையாகக் கார்ட்லெஸ் ஃபோன் வாங்கி, வாசற்படி தாண்டினாலே அது கர்ரென்று இரைகிறதென்று நொந்துபோனவர்கள் அடையாற்றிலிருந்தும் தி.நகரிலிருந்தும் வந்து பெயர் கொடுத்தார்கள். சித்தர் வீடு வீடாகப் போய் ஆன்டெனாவில் செப்புத் தகடு கட்டினார். உடனே ரேஞ்ச் மொட்டை மாடிவரை போயிற்று.

இந்தக் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்த மகானுபாவன் நான்தான். பெயர் ஸ்ரீவத்சன். அப்போது கல்லூரியில் பதினோரு வருஷமாக மின்காந்த அலைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது.

முதல் தகடு என் வீட்டில்தான் கட்டப்பட்டது. டி.வி., ஃபிரிட்ஜ், மிக்ஸி என்று எல்லாவற்றுக்கும் என் மனைவி விஜயலக்ஷ்மி குரோஷா உறை பின்னி மாட்டியிருந்தாள். கார்ட்லெஸ் வந்த வாரமே, ஃபோன் உட்காரும் அதன் பெட்டிக்கும் ஓர் உறை தயார். ஆனால் ஆன்டெனா கம்பி துருத்திக்கொண்டு நின்றது.

"அதை உள்ள தள்ளிடுங்கோ, ஒடிஞ்சுடப் போறது" என்றாள்.

தள்ளினேன். மூடினேன். இரும்பு பீரோ மேல் பத்திரமாக வைத்தேன். பிறகு ரேஞ்ச் இல்லையே என்று மூன்று மாதம் புலம்பினேன்.

சித்தர் வந்ததும் உறையைக் கழற்றச் சொன்னார். பெட்டியை இறக்கி ஜன்னலோரம் வைத்தார். கம்பியை முழுசாக வெளியே இழுத்து, சந்தனம் பூசி, தகட்டைக் கட்டினார். நான் மாடிக்குப் போய்ப் பேசினேன். கணீரென்று கேட்டது. காரணம் தகடுதான்! இயற்பியல் படித்த மூளைக்கு வேறென்ன தோன்றும்? இனி யாரும் ஆன்டெனாவைத் தொடக்கூடாது, தொட்டால் சக்தி இறங்கிவிடும் என்றார் சித்தர். தலையாட்டினேன். தகடு அலைகளை ஈர்ப்பது அறிவியல் உண்மை என்று எழுதி, பட்டத்தோடு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அதை அவர் ஜெராக்ஸ் எடுத்து மாட வீதியெல்லாம் ஒட்டினார்.

கீழ்த்தளத்தில் குடியிருந்த சொர்ணம், மொட்டை மாடியில் வடாம் காயவைத்து விற்பவள். மஸ்கட்டிலிருந்து மகன் அனுப்பிய கார்ட்லெஸ் அவளிடமும் இருந்தது. விஜயலக்ஷ்மி அன்பளிப்பாகப் பின்னிக் கொடுத்த உறையும் இருந்தது. மகன் கூப்பிடுவது வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும்தான். காக்கைகளிடம் வடாமை விட்டுவிட்டு இறங்க முடியாமல் நாலு வாரமாக அவள் அவன் குரலையே கேட்கவில்லை. கடல் தாண்டி வரும் குரலுக்குச் சின்னத் தகடு போதாது, மகா தகடு வேண்டும் என்றார் சித்தர். அதற்காக அவள் இரண்டு வளையல்களையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் டி.வி.யைப் பழுதுபார்க்க அஃப்சருன்னிசா வந்திருந்தார். கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். வளையல் விஷயத்தை அவரிடம் சொர்ணமே சொல்லியிருந்தாள்.

"வளையலைக் குடுக்க வேணாம்னேன். புரொபசரே எழுதிக் குட்துக்கீறாரு, பொய்யா இருக்குமான்னு சொர்ணம்மா கேக்குது சார்" என்றார் அஃப்சருன்னிசா. "நீங்க மாடிக்குப் போய்ப் பேசுங்க. நான் இங்கேந்து கேக்குறேன்."

ஹாலில் இருந்த பழைய ஃபோனும் கார்ட்லெஸ்ஸும் ஒரே இணைப்பு. சித்தரும் கூட்டமும் மாடியில்தான் இருந்தார்கள். கார்ட்லெஸ்ஸோடு ஏறிப்போய் எல்லோர் நடுவிலும் நின்று பேசினேன். பளிச்சென்று கேட்டது.

"பார்த்தீர்களா, தகட்டின் மகிமை" என்று அறிவித்தேன்.

"சார், தகடு என் கைல கீது" என்றது ஃபோன்.

தகடு கீழே அவர் கையில் இருக்கிறதாம் என்று முனகினேன். என்ன சொல்கிறார் என்று கேட்டபடி சொர்ணம் ஃபோனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"இப்போ தகட்டைக் கட்டிட்டேம்மா. கம்பியை உள்ள தள்றேன்."

அடுத்து அவள் காதில் விழுந்தது கர்ரென்ற இரைச்சல்தான். கேட்டதை அவள் கூட்டத்துக்கு அப்படியே சொன்னாள். பிறர் கை பட்டதால் தகடு கோபித்துக்கொண்டது என்றார் சித்தர். "கயட்டனப்போ கோவம் வரல, கட்டனப்போதான் வந்துச்சா?" என்று சொர்ணம் கேட்டாள். சித்தருக்கு ஆதம்பாக்கத்தில் அவசரப் பூஜை இருப்பது அப்போது ஞாபகம் வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கினார்.

அஃப்சருன்னிசா கீழே சொர்ணத்தின் வீட்டுக்குப் போய் உறையைக் கழற்றிக் கம்பியை இழுத்துவிட்டார். மத்தியானம் வடாம்களுக்கு நடுவே சொர்ணத்தின் கையில் கார்ட்லெஸ் மணி அடித்தது. "சொல்லு நைனா" என்றபடி மறு கையால் காக்கையை விரட்டினாள். வளையல்கள் கைக்குத் திரும்பியிருந்தன. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"காலேஜ்ல இன்னா சார் சொல்லித் தர்றீங்க?" என்று அஃப்சருன்னிசா கேட்டார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

மாட வீதிச் சுவர்களில் என் கையெழுத்தைக் கிழிக்கக் கிளம்பினேன். இன்னும் சில சுவர்களில் மிச்சம் இருக்கலாம். கண்ணில் பட்டால் கிழித்துவிடுங்கள். கையோடு உங்கள் மூளைக்கு யாராவது அழகாக உறை பின்னி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எனக்குப் பதினோரு வருஷமாக மாட்டியிருந்தது. அதன் மேல்தான் பட்டத்தையே வைத்திருந்தேன்.