வெள்ளந்தாங்கியப்பர் வரிசையில் நின்ற கதை

ஒரு காட்டில் மொக்கையன் என்று ஓர் ஆமை இருந்தது. இருந்தது என்ன இருந்தது, இப்போதும் இருக்கிறது. வம்பே அதனால்தான்.

எண்பது வருஷத்துக்கு முன் பெருவெள்ளம். மொக்கையன் பயந்துபோய்த் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பாறை என்று நினைத்து ஏழு முயல்கள் மேலே ஏறிப் பிழைத்தன. அவை மேட்டுக்குத் தாவியதும் மொக்கையனை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நடந்து திரும்ப எண்பது வருஷம். ஆமை நடை, வேறென்ன செய்ய?

வந்து பார்த்தால், அதன் ஈரக்குழி இருந்த இடத்தில் கோயில். உள்ளே சிங்க முகமும் பன்னிரண்டு கையுமாக ஒரு சிலை. ‘ஏழு உலகையும் முதுகில் தாங்கிய வெள்ளந்தாங்கியப்பர்’ என்று பலகை.

“ஐயோ, அது நான்தாங்க!” என்றது மொக்கையன், தர்மகர்த்தா கரடியிடம். “ஏழு உலகமில்லீங்க, ஏழு முயலு. என் குழியைக் குடுத்துருங்க. வெயில் ஏறினா காய்ஞ்சே செத்துருவேன்.”

கரடிக்கு வந்ததே கோபம். “அப்பருக்குப் பன்னெண்டு கை. உனக்கு?”

“நாலு காலுங்க.”

“போய்யா அந்தப் பக்கம்!”

வாசலில் முனைவர் கீரி புத்தகம் விற்றுக்கொண்டிருந்தது. தலைப்பு: ‘சாமி உண்மையில் ஓர் ஆமை’. அதற்காக மூன்று முறை உதை வாங்கிய கீரி அது. மொக்கையனுக்கு உயிர் வந்தது.

“சார், அந்த ஆமை நான்தான்!”

கீரி கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தது. “இருக்காதே. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல நீங்க வெள்ளத்துல செத்துட்டீங்க.”

“சாகலையே சார்.”

“அச்சாகிடுச்சேங்க!”

போக்கிடம் இல்லாமல் மொக்கையன் இலவச தரிசன வரிசையில் போய் நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் நின்ற முயல், “நம்பிக் கேளுங்க தாத்தா, எங்க வம்சமே அப்பர் போட்ட பிச்சை” என்றது.

மொக்கையன் சிலையை ஏறிட்டுப் பார்த்தது. வேண்டிக் கேட்க வாய் வரவில்லை. அந்த ஆளைப் பற்றி அதற்கு நன்றாகத் தெரியும். கஷ்டம் வந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிற ஆள். அழுகை வந்தது. அங்கேயே தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

திரும்பிப் பார்த்த முயல் அலறியது. “தாத்தாவைக் காணோம்! கல்லு முளைச்சிருக்கு! சுயம்பு!”

கரடி ஓடிவந்து விழுந்து கும்பிட்டது. அன்றிலிருந்து அந்தக் கல்லுக்குத் தினமும் ஏழு குடம் தண்ணீர் அபிஷேகம். உள்ளே மொக்கையன் குளுகுளுவென்று தூங்குகிறது. கீரி அடுத்த புத்தகத்தில் மும்முரமாக இருக்கிறது: ‘இந்தக் கல் ஒருகாலத்தில் ஆமையாக இருந்திருக்கலாம்’.

நீதி: உயிரோடு வந்து உண்மையைச் சொல்கிற சாமிக்கு ஒரு குழிகூடக் கிடைக்காது; வாயை மூடிக் கல்லாய்க் கிடந்தால் தினமும் குளிப்பாட்டி விடுவார்கள்.